கனசதுரத்துக்குள் நிற்கும் திருமேனி: வை. கணபதி ஸ்தபதியும் மினிமலிசச் சிற்பிகளும்

சிற்பி எழுதுவது அபூர்வம். எழுதினாலும் அது பெரும்பாலும் நினைவுக்குறிப்பாகவோ மாணவருக்கான பாடமாகவோ முடிந்துவிடும். தான் செய்கிற வேலைக்கு ஒரு கொள்கையை வகுத்து, அதை அச்சிலேற்றி, அதன்மேல் தன் படைப்புகளை நிறுத்திக் காட்டியவர்கள் இருபதாம் நூற்றாண்டில் மிகச் சிலரே. அமெரிக்காவில் ராபர்ட் மாரிஸும் டொனால்ட் ஜட்டும் அப்படிப்பட்டவர்கள். மூன்றாமவர் நம் பக்கத்துக்காரர். புதுவயலிலிருந்து காரைக்குடியைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் வருகிற பிள்ளையார்பட்டியில் 1927இல் பிறந்த வை. கணபதி ஸ்தபதி.

இந்த மூவரையும் ஒரே கட்டுரையில் நிறுத்துவது வம்பாகத் தோன்றலாம். சாம்பல் நிறம் பூசிய ஒட்டுப்பலகைப் பெட்டியைக் கண்காட்சிக் கூடத்தின் தரையில் வைத்துவிட்டு இதுதான் சிற்பம் என்றவர் மாரிஸ். கன்னியாகுமரிக் கடலில் 133 அடி வள்ளுவரை நிறுத்தியவர் ஸ்தபதி. மினிமலிஸ்டுகள் உருவத்தை, அலங்காரத்தை, கதையைக் கழித்துக்கொண்டே போனவர்கள். ஸ்தபதியின் மரபோ நகத்துக்கும் புருவத்துக்கும் அளவு சொல்லி, அதன்மேல் ஆடையும் அணியும் ஏற்றுவது. ஆனாலும் மூவரும் புறப்பட்ட இடம் ஒன்றே. அது கனசதுரம். புறப்பட்ட பிறகு யார் எங்கே போனார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கவலை.

முதலில் அமெரிக்கக் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1931இல் பிறந்த மாரிஸ், 1964இல் நியூயார்க்கின் கிரீன் கேலரியில் சாம்பல் நிறப் பலகை வடிவங்களைக் காட்சிக்கு வைத்தார். மறு ஆண்டு, ஒரே அளவிலான எல் வடிவ உத்திரங்களை ஒன்று கிடந்தும், ஒன்று நின்றும், ஒன்று கவிழ்ந்தும் இருக்கும்படி வைத்தார். மூன்றும் ஒன்றுதான் என்று அறிவுக்குத் தெரியும், கண் ஒப்புக்கொள்ளாது. 1966இல் ‘ஆர்ட்ஃபோரம்’ இதழில் சிற்பம் பற்றிய குறிப்புகள் என்ற தலைப்பில் எழுதத் தொடங்கினார். கனசதுரம் போன்ற எளிய வடிவத்தைப் பார்த்த கணத்திலேயே முழுதாகப் பிடித்துவிடுகிறோம், சுற்றி வந்து துண்டு துண்டாகச் சேர்க்க வேண்டியதில்லை என்பது அவர் வாதம். வடிவம் அப்படி உடனே பிடிபட்டுவிட்டால், கவனம் வேறிடத்துக்கு நகரும். அந்தப் பொருளுக்கும் பார்ப்பவரின் உடம்புக்கும் உள்ள அளவு உறவு, அறையின் வெளிச்சம், நாம் நகரும் தூரம் எல்லாம் சிற்பத்துக்குள் வந்துவிடும். டோனி ஸ்மித் 1962இல் செய்வித்த ஆறடி எஃகுக் கனசதுரம் இந்த வாதத்துக்குக் கைகண்ட உதாரணம். அதைவிடப் பெரிதானால் அது நினைவுச்சின்னமாகிவிடும். சிறிதானால் வெறும் பொருளாகிவிடும்.

ஜட் இன்னொரு வழியில் வந்தார். 1959 முதல் சில ஆண்டுகள் இதழ்களில் கண்காட்சி விமர்சனம் எழுதிப் பிழைத்தவர். ஓவியமும் அல்லாத, சிற்பமும் அல்லாத முப்பரிமாணப் பொருள்களைப் பற்றி 1965இல் அவர் எழுதிய கட்டுரைதான் அந்தத் தலைமுறையின் அறிக்கையாக இன்றும் படிக்கப்படுகிறது. அவரது பெட்டிகளை நியூயார்க்கின் ஒரு தகரப் பட்டறை செய்துகொடுத்தது. கலைஞரின் கை படாத கலையா என்று எழுந்த கூச்சல் அடங்க வெகுகாலம் ஆயிற்று. 1967இல் மைக்கேல் ஃப்ரீட் என்ற விமர்சகர் இவர்களுடைய வேலை கலையல்ல, நாடகத்தன்மை என்று எழுதினார். எதிர்ப்பாக எழுதிய அந்தக் கட்டுரையே மினிமலிசத்துக்கு நல்ல விளக்கவுரையாகிப்போனது.

இனி நம் ஊருக்கு வருவோம்.

கணபதியின் தந்தை வைத்தியநாத ஸ்தபதி. குடும்பம் இருந்த பிள்ளையார்பட்டி, நகரத்தார் கோயில்கள் ஒன்பதில் ஒன்று. குன்றைக் குடைந்து, பாறையிலேயே செதுக்கிய வலம்புரிப் பிள்ளையார் அங்கே மூலவர். இளையாற்றங்குடி, வைரவன்பட்டி, இரணியூர், மாத்தூர் என்று சுற்றிலும் செட்டிமார்கள் திருப்பணி செய்த கற்றளிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பர்மாவிலும் மலாயாவிலும் ஈட்டிய பணம் கோயில் கல்லாகவும் வீட்டுத் தேக்காகவும் இந்த வறண்ட மண்ணில் இறங்கியது. அந்தத் திருப்பணிகள் இல்லாவிட்டால், ஒரு ஸ்தபதிக் குடும்பம் உளியை நம்பித் தலைமுறைகளாகப் பிழைத்திருக்க முடியுமா என்பது சந்தேகம். மரபு என்று நாம் பெருமையாகச் சொல்வதற்குப் பின்னால் வட்டிக்கணக்குப் பேரேடு இருக்கிறது. அதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை.

பையன் பட்டறையோடு நிற்கவில்லை. காரைக்குடி அழகப்பா கல்லூரியில் கணிதம் படித்துப் பட்டம் பெற்றார். பிற்காலத்தில் அவர் எழுதியதையெல்லாம் படித்தால், சாத்திரத்தைவிட இந்தக் கணிதப் படிப்பு அவரை அதிகம் ஆட்டிவைத்ததோ என்று தோன்றும். பழனிக் கோயிலில் ஸ்தபதியாகச் சில ஆண்டுகள் பணியாற்றினார். 1957இல் மாமல்லபுரத்தில் தமிழக அரசு தொடங்கிய சிற்பக் கல்வி நிலையத்துக்குத் தந்தை தலைவரானார். அவருக்குப் பின் மகன் அந்தப் பொறுப்பை ஏற்று, 1988இல் ஓய்வு பெறும்வரை 27 ஆண்டுகள் முதல்வராக இருந்தார். அப்பனிடம் மகன் கற்றுக்கொண்ட தொழிலைப் பாடத்திட்டமாகவும் தேர்வாகவும் பல்கலைக்கழகப் பட்டமாகவும் மாற்றியதில் அவர் பங்கு பெரிது. 2009இல் பத்மபூஷண் பெற்றார்; 2011 செப்டம்பரில் காலமானார்.

அதே கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்கு வடக்கே, 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் தோழர்களும் சோழமண்டலம் கலைக் கிராமத்தை அமைத்தார்கள். செம்புத் தகட்டை அடித்து உருவம் எழுப்பிய பி.வி. ஜானகிராமும், பின்னாளில் எஸ். நந்தகோபாலும் அந்த வட்டத்துச் சிற்பிகள். ஒரே சாலையில் ஒரே காலத்தில் இரண்டு சிற்ப உலகங்கள். ஒன்றில் செய்தவரின் பெயர்தான் முக்கியம். மற்றதில் அளவுதான் முக்கியம். தமிழ்க் கலை விமர்சனம் முதலாவதைப் பற்றி நிறைய எழுதியது. இரண்டாவதைக் ‘கைவினை’ என்று ஒதுக்கிவைத்தது. கணபதி ஸ்தபதி ஏன் இவ்வளவு எழுதினார், ஏன் சில சமயம் குரலை உயர்த்தி எழுதினார் என்பதற்கு இந்த ஒதுக்கலும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அவருடைய எழுத்தில் எனக்கு மிக வலுவாகப் படுவது 1978இல் வந்த ‘சிற்பச் செந்நூல்’. கல்லைத் தேர்வதிலிருந்து திருமேனிக்குக் கண் திறப்பதுவரை பட்டறை அறிவு முழுவதையும் தமிழில் ஒழுங்குபடுத்த முயன்ற நூல் அது. அதன் நடு எலும்பு தாளமானம். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்; மாரிஸோடு உண்மையான உரையாடல் நடப்பது இங்கேதான்.

ஸ்தபதிகளிடம் இரண்டு வகை அங்குலம் உண்டு. ஒன்று கட்டடத்துக்கானது, மாறாதது. 24 அங்குலம் சேர்ந்தால் ஒரு தச்சு முழம், இன்றைய கணக்கில் 33 இன்ச். அப்படியானால் ஓர் அங்குலம் ஒன்றரை இன்ச்சுக்குக் கொஞ்சம் குறைவு, சரியாகச் சொன்னால் ஒன்றும் எட்டில் மூன்று பங்கும். செட்டிநாட்டு வீடுகளில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று தெருவிலிருந்து பின்தெருவரை கட்டுக்கட்டாக நீளும் அமைப்பு இந்த முழத்தால் அளந்து போட்டதே. இன்னொரு அங்குலம் உருவத்துக்கானது. அதற்கு வெளியே நிலையான நீளம் கிடையாது. செய்யப்போகும் திருமேனியின் உயரத்தை எடுத்து 124 ஆகவோ 120 ஆகவோ 108 ஆகவோ பங்கிட்டால் வரும் ஒரு பங்குதான் அதன் அங்குலம். 12 பங்கு ஒரு தாளம். அது முகத்தின் நீளம். நெற்றி மயிர் எல்லையிலிருந்து கண்வரை நான்கு, கண்ணிலிருந்து மூக்கு நுனிவரை நான்கு, அங்கிருந்து மோவாய்வரை நான்கு. சிவன், திருமால் முதலான பெருந்தெய்வங்களுக்கு 124 பங்கான உத்தம தசதாளம், தேவியர்க்கு 120, பிள்ளையாருக்கு ஐந்து தாளம். கையளவு பஞ்சலோகத் திருமேனியானாலும் ஆளுயரக் கருங்கல்லானாலும் விகிதம் ஒன்றே. பெரிதாக்குவதும் சிறிதாக்குவதும் தனிப் பிரச்சினையே அல்ல.

மாரிஸின் கொள்கை இதற்கு நேர் எதிர்த் திசையில் நிற்கிறது. அவருக்கு ஒரு பொருளின் அளவு அதன் எதிரே நிற்கும் மனித உடம்போடு வைத்துத்தான் அர்த்தப்படும். ஆறடிப் பெட்டியையும் ஆறு இன்ச் பெட்டியையும் ஒரே படைப்பு என்று அவர் ஒருநாளும் ஏற்கமாட்டார். தாளமானமோ பார்ப்பவரைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. உடம்பு தன் அளவைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. கருவறை இருட்டில் யாரும் பார்க்காதபோதும் திருமேனி தன் விகிதத்தில் முழுமையாக இருக்க வேண்டும் என்ற மரபுக்கு அது பொருத்தமானதுதான்.

கனசதுரம் எங்கே வருகிறது? உருவத்துக்கு முன்னால் வருகிறது. ஸ்தபதி கல்லை முதலில் பட்டைதீட்டிச் சதுரப்படுத்துகிறார். முகத்தில் காவி நூலைத் தட்டி நடுக்கோடு போடுகிறார். அது பிரம்ம சூத்திரம். அதன் இருபுறமும் பக்க சூத்திரங்கள், குறுக்கே தாளக் கோடுகள். அந்தக் கட்டங்களின்மேல்தான் உருவம் வரையப்படும். உடம்பு வளைந்து நிற்கும் நிலையானாலும் நடுக்கோடு வளையாது. உடம்பு அதைவிட்டு எத்தனை அங்குலம் விலகுகிறது என்பதே நிலையின் இலக்கணம். உளி உள்ளே போகப் போகக் கோடுகள் உதிரும், சிற்பி மறுபடி போட்டுக்கொண்டே இருப்பார். வேலை முடியும்போது கனசதுரமும் கட்டமும் கண்ணுக்குத் தெரியாது. மினிமலிஸ்டுகள் கடைசியில் வந்து சேர்ந்த இடம் இங்கே முதல் நாள் வேலை.

கணபதி ஸ்தபதி இதோடு நிற்கவில்லை. எட்டுக்கு எட்டாக 64 கட்டம், ஒன்பதுக்கு ஒன்பதாக 81 கட்டம் என்று கோயில் தரைக்குப் போடும் பத விந்நியாசத்தை எடுத்து, வெளியின் மிக நுண்ணிய அலகே ஒரு கனசதுரம்தான் என்றார். அதைச் சிற்றம்பலம் என்றழைத்தார். அதனுள் எழும் துடிப்பே தாளமாகி, ஒலியாகவும் நடனமாகவும் கட்டடமாகவும் சிலையாகவும் விரிகிறது என்பது அவர் கண்ட தத்துவம். இதைப் பௌதிகமாக எடுத்துக்கொண்டால் நிற்காது. ஒரு வேலைக்காரன் தன் வேலையின் முதல் அசைவை உலகத்தின் முதல் அசைவாகப் பார்க்கிறான் என்று எடுத்துக்கொண்டால் நிற்கும். ஜட்டிடமும் இந்த மாதிரி வேகம் உண்டு. டெக்சாஸின் மார்ஃபா என்ற பாலைவனச் சிற்றூரில், பழைய ராணுவக் கொட்டகைகளில் அவர் 100 அலுமினியப் பெட்டிகளை 1982 முதல் 1986 வரை அமைத்தார். வெளி அளவு எல்லாவற்றுக்கும் ஒன்றே: 41, 51, 72 இன்ச். உள் பிரிப்பு மட்டும் ஒவ்வொன்றிலும் வேறு. ஒரு பெட்டியை இத்தனை விதமாக யோசிக்கத் தத்துவப் பிடிவாதம் இல்லாமல் முடியாது. ஆனால் ஜட் அதைப் பிரபஞ்சம் என்று சொல்லவில்லை, பெட்டி என்றுதான் சொன்னார். இந்தியாவில் இந்த நிதானத்துக்கு மிக அருகில் வந்தவர், பரோடாவில் கற்பித்துக்கொண்டே காகிதத்தில் கோடு மட்டும் வரைந்த நஸ்ரீன் முகமதி என்பேன். அவர் சிற்பி அல்ல.

தகரப் பட்டறை விவகாரத்துக்கு இங்கே ஒரு பதில் கிடைக்கிறது. நியூயார்க்கில் 1960களில் அதிர்ச்சியாக இருந்தது, நம் கோயில் பட்டறையில் சாதாரண நடைமுறை. ஸ்தபதி திட்டமும் அளவும் தருவார். சூத்திரகிராகி நூல் பிடித்து அளவு பார்ப்பார். வர்த்தகியும் தட்சகரும் வெட்டுவதும் பொருத்துவதும் செய்வார்கள். கடைசியில் முகமும் கண்ணும் பெரியவர் கையில் வரும். யார் உளி எந்த மடிப்பைச் செதுக்கியது என்று யாரும் கேட்பதில்லை. ஜட்டின் ஆட்களுக்கு இந்தச் செய்தி எட்டியிருந்தால் பாதிச் சண்டை மிச்சமாகியிருக்கும்.

கொள்கை கல்லில் எப்படி நின்றது என்று பார்க்கக் கன்னியாகுமரிக்குத்தான் போக வேண்டும். பூம்புகார்க் கலைக்கூடமும், 1976இல் திறக்கப்பட்ட சென்னை வள்ளுவர் கோட்டமும் அவர் வடிவமைத்தவையே. கோட்டத்தின் கல்தேர் திருவாரூர்த் தேரை நினைத்துச் செய்தது. இரண்டிலும் அரசு விழாவின் சத்தம் அளவின் பேச்சை அமுக்கிவிட்டது என்பது என் எண்ணம். கன்னியாகுமரியில் அப்படி நடக்கவில்லை.

1979இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் அடிக்கல் நாட்டினார். வேலை 1990இல்தான் தொடங்கியது. 2000 ஜனவரி 1 அன்று முதல்வர் கருணாநிதி திறந்துவைத்தார். பீடம் 38 அடி, சிலை 95 அடி. மொத்த எடை சுமார் 7,000 டன், 3,681 கற்கள். சவுக்குக் கழிச் சாரம் கட்டி, கல்மேல் கல்லாக ஏற்றிய வேலை. அம்பாசமுத்திரப் பகுதியின் கருங்கல் பெருமளவு போயிற்று.

133 என்ற உயரம் சிற்பநூல் தந்ததல்ல. குறளின் அதிகாரக் கணக்கு தந்தது. அறத்துப்பால் 38, பொருளும் இன்பமும் சேர்த்து 95. அளவே எல்லாம் என்று வாழ்ந்த சிற்பியிடம் ஓர் இலக்கிய நூல் அளவைத் தீர்மானித்துக் கொடுத்துவிட்டது. இப்படி வெளியிலிருந்து வரும் எண் பெரும்பாலும் சிலையைக் கெடுக்கும். இங்கே அதிர்ஷ்டம் வேறு மாதிரி இருந்தது. 133ஐ ஏழு பங்காக்கினால் பங்குக்கு 19. பீடம் இரண்டு பங்கு, உருவம் ஐந்து பங்கு. பிசிறே இல்லாத விகிதம். பாறைமேல் பீடம் மண்டபமாக அகலமாய் உட்கார்ந்து, உருவம் எழ இடம் விடுகிறது.

அந்த 95 அடியை நவதாளமாக 108 பங்கு வைத்து ஒரு பேச்சுக்கு வகுத்துப் பாருங்கள். உருவத்தின் ஓர் அங்குலம் ஏறக்குறைய பத்தரை இன்ச் வரும். முகம் பத்தரை அடி. சிலையின் முக நீளமாகச் சொல்லப்படுவது 10 அடி. குடுமியும் இடுப்பின் ஒடிவும் கணக்கை அங்குமிங்கும் அசைக்கும் என்பதால் இதை நிரூபணமாக நான் சொல்லவில்லை. கையில் அடங்கும் திருமேனிக்குப் போடும் கணக்கே இவ்வளவு பெரிய உடம்பிலும் கிட்டத்தட்ட இடம் பிடிக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். சிலைக்குள் கீழிருந்து மேல்வரை நடுவில் வெற்றிடம் விடப்பட்டிருக்கிறது. உடம்பின் நடுச் சூத்திரம் போகும் வழியில் கல் இருக்கக்கூடாது என்பது ஸ்தபதியின் முறை. முன்கூட்டியே மரத்தில் மாதிரி செய்து அந்தக் கோட்டைச் சரிபார்த்தார்கள். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அந்தப் பாறையின்மேல் ஏறி இறங்கியது, சிலை நின்றது.

ஆனால் மாரிஸின் கேள்வியும் அங்கே காத்திருக்கிறது. படகிறங்கி, மண்டபப் படியேறி, பாதத்தருகே போய் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்குத் தாளமானம் தெரியாது. பாதம் பூதாகரமாகவும் முகம் மோவாயாகவும்தான் தெரியும். கரையிலிருந்து பார்க்கும்போதுதான் விகிதம் தன்னைக் காட்டுகிறது. பார்ப்பவர் உடம்பைக் கணக்கில் சேர்க்காத கொள்கைக்கு இது ஒரு விலை. கோயிலில் கருவறைத் தூரம் அந்த விலையைக் கட்டிவிடுகிறது. பொதுச்சிலைக்கு அப்படி ஒரு தூரத்தை யாரும் வகுத்துத் தருவதில்லை.

கொள்கை சறுக்கிய இடமும் உண்டு. மறைத்தால் அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. சிற்ப மரபு முழுவதையும் மயன் என்ற ஒரு மாமுனியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார் ஸ்தபதி. மயன் இயற்றியதாகச் சொல்லப்படும் ‘ஐந்திறம்’ என்ற நூலைத் தமிழின் ஆதி அறிவியல் நூலாக முன்வைத்தார். அது 1980களில் அச்சேறியபோது, அதன் மொழியையும் காலத்தையும் பற்றி அறிஞர்கள் ஐயம் எழுப்பினார்கள். அந்த ஐயம் இன்றும் தீரவில்லை. 1990களின் நடுவில் மெக்சிகோ, குவாத்தமாலா, பெரு என்று போய்ப் பழைய கட்டடங்களை நூல் பிடித்து அளந்தார். மாயா மக்களின் கோயில்களில் தன்னுடைய அளவுகளையே கண்டதாகச் சொல்லி, மயனும் மாயாவும் ஒரே மரபு என்றார்.

வரலாற்றுச் சான்று இதற்கு இல்லை. மாயா மக்களின் மொழிக்கும் தமிழுக்கும் உறவு காட்டும் மொழியியல் இல்லை, பயணத்தைக் காட்டும் தொல்லியலும் இல்லை. சதுரம் போட்டு, அதைப் பாதி பாதியாகப் பிரித்து, நூல் பிடித்துக் கட்டுகிற எந்த நாட்டு மக்களும் எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் வந்து நிற்பார்கள். அதற்கு யாரும் கடல் கடந்து போய்ச் சொல்லித் தர வேண்டாம். அளவைப் பற்றிப் பேசும்போது ஸ்தபதிக்குக் கல் சாட்சி சொன்னது. வரலாற்றைப் பற்றிப் பேசும்போது அதே கல்லைச் சாட்சிக்கு அழைத்தார், அது பேசவில்லை. கொள்கையாளராக அவரை ஏற்கத் தயங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பகுதியைத்தான் முதலில் படித்துவிட்டு மற்றதைப் படிக்காமல் விடுகிறார்கள். இழப்பு அவர்களுக்கு.

பிந்தைய வேலைகளில் என்னை மிகவும் ஈர்ப்பது ஹவாயின் கவாய் தீவில் எழுந்த இறைவன் கோயில். சிவாய சுப்பிரமுனியசுவாமி நிறுவிய சைவ ஆதீனத்துக்காகச் சோழர் பாணியில் ஸ்தபதி வடிவமைத்தது. வெள்ளைக் கருங்கற்களைப் பெங்களூர் அருகே 1990 முதல் உளியும் சுத்தியும் மட்டும் கொண்டு செதுக்கிக் கப்பலில் அனுப்பினார்கள். கல் கட்டடத்தில் இரும்பு சேரக்கூடாது, துருப்பிடித்துக் கல்லைப் பிளக்கும் என்பது பட்டறையில் எல்லோரும் அறிந்தது. அஸ்திவாரத்துக்கும் அதே நியாயம்தான் என்று முடிவாயிற்று. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் கான்கிரீட் அறிஞர் குமார் மேத்தா, நிலக்கரிச் சாம்பல் கலந்த, ஒரு கம்பிகூட இல்லாத கான்கிரீட் பலகையை வடிவமைத்தார். 1999இல் அது வார்க்கப்பட்டது. ஆயிரம் ஆண்டு நிற்க வேண்டும் என்பதே இலக்கு. 2023 மார்ச்சில் குடமுழுக்கு நடந்தபோது ஸ்தபதி இல்லை.

அவரைப் படிக்கத் தொடங்குகிறவருக்கு என் யோசனை இது. ‘ஐந்திற’த்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், ‘சிற்பச் செந்நூ’லின் தாளமானப் பகுதியோடு இரணியூருக்கோ வைரவன்பட்டிக்கோ போய், தூணில் நிற்கும் ஏதாவதொரு உருவத்தின் முகத்தை விரலால் அளந்து, அதை அலகாக்கிக் கீழே பாதம்வரை எண்ணுங்கள். பல உருவங்கள் நூல் சொல்வதுபோல் வரும். சில வராது, ஒரு முழங்கால் அரைப் பங்கு நீண்டிருக்கும், ஒரு கழுத்து குறுகியிருக்கும். அந்தத் தூணைச் செய்தவரும் அளவு தெரிந்தவர்தான். எந்த இடத்தில், எதற்காக நூலை விட்டார் என்று ஸ்தபதி தம் நூலில் அதிகம் பேசவில்லை.